நத்தைக்கு வைத்த பொட்டு

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, தன் மகன் வாங்கிய சிவப்புக் காரைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். எல்லாரும் பூங்கொத்து, கும்பிடும் கை என்று அனுப்பித் தள்ளினீர்கள். நான் மட்டும் "டர்போ ஒன்றா, இரண்டா?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை கேட்கிற கேள்வியா என்றுகூடத் தோன்றியிருக்கும். அதைக் கேட்க எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். இதை எழுதுவதற்குள் அடுப்படிக்கும் மொட்டை மாடிக்குமாக எத்தனை நடை நடந்தேனோ. இருப்புக் கொள்ளாத இந்தப் புத்தி எனக்குச் சித்தப்பாவிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்லுவாள்.

சேரன்மகாதேவியில் ஆற்றுக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பாளையங்கோட்டையில் கோர்ட்டு ஆபீஸ் உத்தியோகம். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். ஒருநாள்கூட அந்த பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, நேர் எதிர். படிப்பைப் பாதியில் விட்டார். ஜவுளிக்கடை வேலையைப் பாதியில் விட்டார். ஒரு கல்யாணப் பேச்சையும் பாதியில் விட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார். அப்பா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பாதி எந்திரிச்சிட்டானா?", "பாதி எங்க போயிருக்கான்?" இப்படித்தான் கேட்பார். சித்தப்பாவும் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா ரெண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாராம். தாய் இல்லாத பிள்ளை. குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அம்மாதான். பெற்றது என்னை ஒருத்தியைத்தான் என்றாலும், அம்மாவுக்கு மூத்த பிள்ளை அவர். அவரிடமிருந்து கடிதம் வரத் தாமதமானால் வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம் சித்தப்பா திரும்பி வந்தார். கூடவே ஒரு காரும் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஜப்பான் கார், வெள்ளை நிறம், இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். எங்கள் வாசல் சாக்கடைப் பாலத்தில் ஏறும்போது அடி தட்டி நின்றுவிட்டது. பலகை போட்டு, ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டு, மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்த தொழுவுக்குள் அதை ஏற்றினார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏறி உக்காரணும்னா மொதல்ல படுக்கணும் போலுக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மஸ்கட்டில் சித்தப்பா என்ன வேலை பார்த்தார் என்பது எங்கள் வீட்டில் வெளியே சொல்லாத சங்கதி. கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அப்பா தெருவில் "கம்பெனி மேனேஜர்" என்று சொல்லி வைத்திருந்தார். நிலபுலத்தோடு இருந்த குடும்பம். கையில் கிரீஸ் பிடித்தவன் என்றால் எவன் பெண் கொடுப்பான் என்பது அவர் கவலை. சித்தப்பாவுக்கோ அந்தக் கிரீஸைத் தவிர வேறு எதிலும் மனம் நிற்காது. அதைச் சோம்பல் என்று அப்பா நினைத்தார். நினைத்தபடியே கடைசிவரை இருந்தார்.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. கிளப்பினால் பின்னால் நீலப்புகை. தெருவுக்கே கொசு மருந்து அடித்த மாதிரி ஆகிவிடும். டர்போ போய்விட்டது என்றார் சித்தப்பா. அது என்ன என்று கேட்டேன்.

"எஞ்சின் விடுத மூச்சுல ஒரு விசிறி சுத்தும். அதோட சேந்து இன்னொரு விசிறி சுத்தி, வெளிக் காத்த அள்ளி எஞ்சினுக்குள்ள திணிக்கும். அம்புட்டுதான்ட்டி. இதுல வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு. ரெண்டும் நத்தை மாரி இருக்கும். ஆனா கை போவாது. எஞ்சினையே வெளிய தூக்குனாத்தான் நத்தைய மாத்த முடியும்."

திருநெல்வேலியில் எந்தப் பட்டறைக்காரரும் அந்த வண்டியைத் தொடத் தயாராக இல்லை. வீட்டிலேயே தூக்குகிறேன் என்றார் சித்தப்பா. அதோடு விட்டாரா? அன்று சாப்பாட்டு நேரத்தில், இனி மஸ்கட்டுக்குப் போகப் போவதில்லை, ரோட்டுமேல் பூட்டிக் கிடக்கும் நம் நெல் மூட்டைக் கிட்டங்கியில் ஒர்க்‌ஷாப் போடப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அப்பா ரசத்தை முழுசாகக் குடித்து முடித்தார்.

"கிட்டங்கிச் சாவி எங்கிட்டதான் இருக்கு. தாரேன். அதுக்கு முன்னால ஒண்ணு. இந்த வண்டிய நீயே பிரிச்சு, நீயே பூட்டி, என்னைய ஏத்திக்கிட்டுப் போயி பாளையங்கோட்டை கோர்ட்டு வாசல்ல எறக்கு. ஒரு சோலிய நீ முழுசா முடிச்சத நான் கண்ணால பாக்கணும். இல்லைன்னா ஐப்பசிக்குள்ள ஒன் விசா முடியுதுல்லா, அதுக்கு முன்னால கெளம்பிரு."

"சரி அண்ணாச்சி" என்றார் சித்தப்பா. அந்த ஒரு சொல்லில் எங்கள் வீட்டுக்கே தூக்கம் போய்விட்டது.

உடனே ஆரம்பிக்க முடியவில்லை. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் பிரிக்கக் கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார். அந்த மாதம் முழுக்க சித்தப்பா வீட்டுக்குள் நடந்த நடை இருக்கிறதே! கை சும்மா இருக்காது. மிக்ஸியைப் பிரித்து மாட்டினார். நன்றாக ஓடிய மின்விசிறியைக் கழற்றி இன்னும் நன்றாக ஓட வைத்தார். என் சைக்கிள், எதிர்வீட்டு ரேடியோ, அப்பாவின் அலாரக் கடிகாரம் எல்லாம் அவர் கைக்குப் போய் வந்தன. கடிகாரம் மட்டும் முன்பைவிட வேகமாக ஓடியது. அதில் அப்பா ஒரு மணி நேரம் முன்னதாக பஸ் ஸ்டாப்பில் போய் நின்ற கதையை நாங்கள் அவர் காதுபடச் சொல்லிச் சிரிக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் முக்காலி வந்தது. கிணற்று மோட்டாரை மேலே தூக்க மூன்று மரத்தை நட்டுச் சங்கிலி மாட்டுவார்கள் அல்லவா, அதுதான். மோட்டார் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே இது, கொடலு பூரா வெளிய இருக்கு" என்றார். தண்ணீர்க் குழாய், பெட்ரோல் குழாய், வயர் என்று சித்தப்பா ஒவ்வொன்றாகக் கழற்ற, எது எங்கே இருந்தது என்று பலகையில் சாக்பீஸால் படம் போடுவது என் வேலை. போல்ட்டு, நட்டு போட்டு வைக்க டப்பா கேட்டபோது அம்மா யோசிக்காமல் தன் அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்துக் கொடுத்தாள். கடுகு இருந்த அறையில் சின்ன போல்ட்டு, மிளகாய் இருந்த அறையில் பெரிய போல்ட்டு. தொழு முழுக்கப் பெட்ரோலும் பெருங்காயமும் கலந்து ஒரு வாசம். அந்தப் பித்தளைப் பெட்டி வீடு மாற்றியதில் எங்கேயோ போய்விட்டது. அந்த வாசம் மட்டும் போகவில்லை. பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ரசம் ஞாபகம் வரும்.

எஞ்சின் எழுந்த அன்று தெருவே தொழு வாசலில் நின்றது. சங்கிலியை இழுக்க இழுக்க அந்தக் கறுத்த உருப்படி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. "பைய... பைய... ஏலே, பைய இழுலே" என்று மோட்டார் அண்ணாச்சி தன் ஆளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா எஞ்சின் ஆடாமல் இரண்டு கையாலும் அதன் விலாவைத் தாங்கிக்கொண்டு நின்றார். மாட்டுத்தொட்டிமேல் போட்டிருந்த பலகையில் அது உட்கார்ந்ததும் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து, காலியான வண்டியையும் நிறைந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாதி முடிஞ்சிட்டு" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று அம்மாவும் நானும் இரண்டு நாள் பேசினோம்.

புது நத்தைகள் மஸ்கட்டிலிருந்து ஒரு கூட்டாளியின் பெட்டியில் வந்தன. பார்க்க அவ்வளவு அழகு. ஒவ்வொரு துளைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது. சித்தப்பா ஒரு மூடியைக் கழற்றி, நத்தையின் உச்சியில் இருந்த சின்னத் துளையை எனக்குக் காட்டினார். "இது வழியாத்தான் எண்ணெய் எறங்கும். உள்ள இருக்க அச்சு, எண்ணெய் மேல மெதந்துக்கிட்டுதான் சுத்துது. எண்ணெய் வரலைன்னா கொஞ்ச நேரத்துல வெந்துரும்" என்றார். சொன்னவுடன் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார். அம்மா அப்போது அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஆயுத பூஜை. அப்பாவின் பேனா, என் புத்தகங்கள், அரிவாள்மனை, சித்தப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாம் சாமி முன்னால் வந்தன. எஞ்சினைத் தூக்கிவர முடியாது, நத்தையையாவது கொண்டுவா என்றாள் அம்மா. சித்தப்பா சந்தோஷமாகக் கொண்டுவந்து வாழையிலைமேல் வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். கடைசியாக அப்பா வந்தார். மடியிலிருந்து கிட்டங்கிச் சாவியை எடுத்து ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு அவள் கை பறந்தது.

நம் வீடுகளில் படையல் போட்டால் எதையும் மூடி வைக்க மாட்டோம், தெரியும்தானே. பொங்கல் பானையின் மூடியை எடுப்போம், தேங்காயை உடைப்போம், வாழைப்பழத்தின் நுனியைக்கூடக் கொஞ்சம் உரித்து வைப்போம். அம்மா எல்லாவற்றையும் திறந்துகொண்டே வந்தாள். நத்தைகளிடம் வந்ததும், "இது என்னது, மூடியோடயா படைக்க?" என்று சிவப்பு மூடிகளைப் பிடுங்கி எடுத்தாள். கெட்டியாக அரைத்த சந்தனத்தை மோதிர விரலில் தொட்டாள். ஒரு நத்தை சரிந்து படுத்திருந்தது; அதன் வயிற்றில் பொட்டு வைத்தாள். இன்னொன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் உச்சித் துளை, பொட்டு வைப்பதற்கென்றே இருப்பதுபோல இருந்தது. அம்மா அங்கே அழுத்தி ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, செவ்வந்திப் பூவைக் குவித்தாள். ஈரத்தலையோடு வந்து கும்பிட்ட சித்தப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பூதான்.

மறுநாள் பூஜை முடிந்து எடுக்கும்போது, அம்மா ஈரத்துணியால் இரண்டையும் பளபளவென்று துடைத்து, மூடிகளை அந்தந்தத் துளையில் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற கை அவளுடையது. சாவி மட்டும் சாமி அலமாரியிலேயே இருந்தது. "பாளையங்கோட்டை போயிட்டு வந்து எடுத்துக்கிடட்டும்" என்றார் அப்பா.

எஞ்சினை இறக்க அப்பாவே நல்ல நேரம் பார்த்தார். லீவு போட்டுவிட்டுத் தொழு வாசலில் கடிகாரத்தோடு நின்றார். பூட்டுவதற்கு முன்னால் நத்தைக்குக் கொஞ்சம் எண்ணெய் குடிக்கக் கொடுக்க வேண்டும். சித்தப்பா என் இங்க் பில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு நத்தை குடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் விட்டதுமே தளும்பி நின்றது. சித்தப்பா குனிந்து பார்த்தார். தொழுவில் வெளிச்சம் போதாது.

"ராகு காலம் வருதுலே. என்ன கொஞ்சிக்கிட்டு இருக்க? வெரசா ஆகட்டும்" என்றார் அப்பா.

"நெறஞ்சிட்டு" என்று சொல்லிக் குழாயை வைத்து முறுக்கிவிட்டார் சித்தப்பா.

மற்றதையெல்லாம் பூட்டி முடித்ததும் பாளையங்கோட்டைக்கு வண்டி கிளம்பியது. புகை இல்லை. அம்மா தெருமுனைவரை நடந்தே வந்தாள். அப்பா முன்னால், நான் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு. இரண்டு பக்கமும் வயல், நாற்று நட்டு முடித்த பச்சை. சித்தப்பா மாட்டுவண்டி ஓட்டுகிறவர்போல மெதுவாகத்தான் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அப்பா, எங்கள் அப்பாதான், கால் மாற்றி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"ஏன்டா, இதுக்கு இம்புட்டுதான் சத்தா? கொஞ்சம் விடேன், பாப்போம்."

சித்தப்பா திரும்பி அவரைப் பார்த்தார். மிதித்தார். வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்பா சிரித்தார். பல் தெரிய, சத்தமாக, சின்னப் பையன் மாதிரி. அந்தச் சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அது முடிவதற்குள் வண்டிக்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. பிறகு பின்னால் வெள்ளைப் புகை. ரோடே தெரியவில்லை.

வண்டி ஓரமாக நின்றது. சித்தப்பா பானெட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமாக ஊருக்குப் போகிற பஸ் வந்தது. அப்பா கையைக் காட்டி ஏறிப் போய்விட்டார். அவருக்கு பஸ் தவறுவதே இல்லை. நாங்கள் டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுபடியும் முக்காலி. இந்தத் தடவை வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. கழற்றிய நத்தையின் அச்சு நீலமாக வெந்து இறுகிப்போயிருந்தது. சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ஊக்கு இருந்தா தாட்டி" என்றார். பாவாடையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். உச்சித் துளைக்குள் விட்டுச் சுரண்டினார். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. விரலில் வைத்துத் தேய்த்தார். மூக்கில் வைத்தார். பிறகு அந்த விரலை என் மூக்குப் பக்கம் நீட்டினார். கருகின எண்ணெய்க்கு அடியில், சந்தேகமே இல்லை, சந்தனம்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏப்பா, காப்பி ஆறுது. வந்து குடிச்சிட்டுப் பாரேன்."

"வாரேன் மதினி" என்றார் சித்தப்பா. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்னிடம் குனிந்து, "ஒங்கம்மைக்குத் தெரியாண்டாம். ஒங்கப்பாவுக்கும் தெரியாண்டாம். தெரிஞ்சா ஆயுசு பூரா அவங்களச் சொல்லிக் காட்டியே கொன்னுருவாரு" என்றார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் வராததுமாகக் கேட்டார். "எதுனால போச்சாம்?"

"எம்மேலதான் தப்பு அண்ணாச்சி. எண்ணெய்க் குழாய ஒழுங்காப் பூட்டல."

"அதான் தெரியுமே" என்றார் அப்பா. சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே சாமி அலமாரிக்குப் போய்ச் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். "நான் அவ்வளவு நல்லாப் பொட்டு வச்சேனே, அப்படியும் இப்படி ஆயிட்டே" என்றாள். எனக்கு வாய்வரை வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கொல்லைக்கு ஓடிப்போய் அழுதேன்.

ஐப்பசி முடிவதற்குள் சித்தப்பா கிளம்பிவிட்டார். பஸ் ஏறும்வரை அம்மா அவர் கையை விடவில்லை. அந்தக் கார் தொழுவிலேயே கோழி அடைந்து கிடந்து, பிறகு ஒரு நாள் லாரியில் போனது. கிட்டங்கியில் இப்போது உரக்கடை. சித்தப்பாவின் நல்ல வயசெல்லாம் மஸ்கட் வெயிலில்தான் கழிந்தது. அப்பா சாகிறவரை, "அவனுக்கு ஒரு கொழாயப் பூட்டத் தெரியல" என்பார். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாமேல் கோபமா, வாயைத் திறக்காத சித்தப்பாமேல் கோபமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒரு சோலியை அந்த மனுஷன் முழுசாக முடித்தார். அது எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அம்மா போய் வருஷம் திரும்பிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அவள் இருந்த கடைசி ஆயுத பூஜைக்கு, மஸ்கட்டை விட்டு வந்து பாளையங்கோட்டையில் குடியிருக்கும் சித்தப்பா தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தலை முழுக்க நரை. அம்மாவுக்குக் கண் அநேகமாகப் போய்விட்டது. சந்தனக் கிண்ணத்தோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சித்தப்பா பானெட்டைத் தூக்கினார்.

"மூடி எல்லாம் எடுத்துட்டியாப்பா? மூடி வச்சுப் படைக்கக் கூடாது."

"எடுத்துட்டேன் மதினி" என்றார். நிஜமாகவே எஞ்சின்மேல் இருந்த எண்ணெய் மூடியைத் திருகிக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மாவின் விரல் தேடிக்கொண்டே வந்தது. நேராக அந்தத் துளையைப் பார்த்துத்தான் வந்தது. விரல் இறங்குகிற நேரத்தில் சித்தப்பா தன் இடது கையை மெதுவாகத் துளைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் புறங்கையில் அம்மா அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

"நல்லா விழுந்துருக்கா?"

"நல்லா விழுந்துருக்கு மதினி."

பிறகு என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட அவர்தான் வண்டியை எடுத்தார். ஸ்டியரிங்மேல் அந்தப் பொட்டு காய்ந்துகொண்டே வந்தது. துடைத்துக்கொள்ளட்டும் என்று கைக்குட்டையை நீட்டினேன்.

"இருக்கட்டும்ட்டி" என்றார்.